தஞ்சை வட்டாரத்தில் அறுவை மருத்துவம்: திட்டமிட்ட அறுவையும் அவசர அறுவையும்

திட்டமிட்ட அறுவை என்பது நோயாளியின் உடல்நிலையை முன்கூட்டியே ஆராய்ந்து, நாள் குறித்து, ஆயத்தங்களோடு செய்யப்படும் அறுவை சிகிச்சையாகும். அவசர அறுவை என்பது சில மணி நேரத்திற்குள் செய்யாவிட்டால் உயிரோ உறுப்போ போய்விடும் என்ற நிலையில் செய்யப்படுவதாகும். உடலின் அதே இடத்தில், அதே நோய்க்காகச் செய்யப்பட்டாலும் இரண்டாவது வகையில் இறப்பு பல மடங்கு கூடுதலாக இருக்கிறது. காவிரிப் படுகையில் அறுவை மருத்துவம் வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், அது பெரும்பாலும் இந்த இடைவெளியைக் குறைக்க நடந்த முயற்சியின் வரலாறாகவே தெரிகிறது.

சோழர் கால ஆதுலசாலைகள்

சோழர் காலத்தில் மருத்துவமனை ஆதுலசாலை எனப்பட்டது. முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை, தன் தந்தையின் பெயரால் தஞ்சாவூரில் அமைந்த சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு நிலக்கொடை அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. இதைவிட விரிவான செய்தி, இன்றைய காஞ்சிபுரம் வட்டாரத்தில் உள்ள திருமுக்கூடல் கோயில் கல்வெட்டில் கிடைக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த இக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. அங்கு மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை எனப்பட்ட அறுவை செய்பவர் ஒருவர், மருந்துக்கு மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆகியோர் பணியில் இருந்தனர். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல்லும் ஊதியமாகக் குறிக்கப்பட்டுள்ளன.

மருந்து கொடுப்பவருக்குக் கிடைத்த நெல்லில் மூன்றில் ஒரு பங்குதான் அறுவை செய்பவருக்குக் கிடைத்தது. மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் அறியப்படாத காலத்தில் வயிற்றையோ மார்பையோ திறந்து வைத்தியம் செய்ய இயலாது. கட்டியைக் கீறுதல், தைத்த முள்ளையும் அம்பையும் எடுத்தல், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுதல், கண்ணுக்குச் சிகிச்சை செய்தல் போன்ற, உடலின் மேற்புறத்தோடு நின்ற வேலைகளே அன்றைய அறுவையாக இருக்க முடியும்.

சரபோஜியின் கண் சிகிச்சைக் குறிப்புகள்

தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தார். 1799 இல் ஆட்சிப் பொறுப்பு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டதால், கோட்டைக்குள் இருந்தபடி நூல்களிலும் அறிவியலிலும் மருத்துவத்திலும் அவர் கவனம் செலுத்தினார். அவர் நடத்திய தன்வந்திரி மகாலில் சித்த, ஆயுர்வேத, யுனானி, ஐரோப்பிய மருத்துவ முறைகள் அருகருகே கையாளப்பட்டன. அங்குப் பயன் கண்ட மருந்து முறைகள் பாடல் வடிவில் தொகுக்கப்பட்டு 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் வழங்குகின்றன.

சரசுவதி மகால் நூலகத்தில் உள்ள சுவடிகளுள் கண் நோயாளிகளைப் பற்றிய சிகிச்சைக் குறிப்புகளும் உள்ளன. கண்புரை உள்ளிட்ட நோய்களுக்குச் சிகிச்சை பெற்றவர்களின் விவரம், நோயின் தன்மை, செய்யப்பட்ட சிகிச்சை, அதன் விளைவு ஆகியவை அவற்றில் பதிவாகியுள்ளன. நோயுற்ற கண்ணின் வண்ண ஓவியங்களும் உடன் இருக்கின்றன. ஒளிப்படம் இல்லாத காலத்தில் ஓவியரைக் கொண்டு கண்ணை வரைந்து வைத்த அந்தப் பழக்கம் இந்திய மருத்துவ வரலாற்றில் அரிதானது.

திட்டமிட்ட அறுவைக்கு வேண்டிய அடிப்படைகள் இந்தக் குறிப்புகளிலேயே தெரிகின்றன. கண்புரை ஒரே இரவில் முற்றுவதில்லை. நோயாளியைப் பார்த்து, எழுதி வைத்து, ஏற்ற நாளில் சிகிச்சை செய்து, பின் என்ன ஆயிற்று என்றும் எழுதி வைக்க மருத்துவருக்கு நேரம் இருந்தது. அதே தஞ்சையில் அதே காலத்தில் குடல் முறுக்கிக்கொண்டு வயிற்று வலியால் துடித்தவருக்குச் செய்ய ஏதும் இருக்கவில்லை. அவரைப் பற்றி எழுதி வைக்கப்பட்ட குறிப்பும் இல்லை.

மயக்க மருந்தும் கிருமி நீக்கமும்

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியின்றி அறுவை செய்யலாம் என்று பலர் முன்னிலையில் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே குளோரோபார்ம் வந்தது. 1867 இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணில் சீழ்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் வயிற்றைத் திறப்பது மருத்துவமாயிற்று.

தஞ்சாவூரில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கிழார்களான மிராசுதார்கள் உள்ளிட்டோரின் நன்கொடையோடு எழுந்த இராசா மிராசுதார் மருத்துவமனை, படுகை முழுவதற்குமான பெரிய மருத்துவமனையாக விளங்கியது. ஆனால் மருத்துவமனை இருந்தது என்பதால் மட்டும் மக்கள் அங்கே காலத்தோடு போய்விடவில்லை. நாட்டு வைத்தியம், ஒத்தடம், நேர்த்திக்கடன் என எல்லாம் பார்த்துவிட்டு, இனி முடியாது என்ற நிலையில் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் பலர். வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. 'ஆஸ்பத்திரிக்குப் போனால் உயிரோடு திரும்ப முடியாது' என்ற பேச்சு இப்படித்தான் ஊர்களில் வேர்விட்டது. அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் இன்னும் தாமதமாக வந்தார்கள். அச்சம் தாமதத்தையும், தாமதம் இறப்பையும், இறப்பு மீண்டும் அச்சத்தையும் பெற்றன.

குடலிறக்கம்: தள்ளிப்போடப்படும் அறுவை

இந்தச் சுழலை விளக்குவதற்குக் குடலிறக்கம் ஏற்ற எடுத்துக்காட்டு. அடிவயிற்றுத் தசை நலிந்த இடத்தில் குடல் பிதுங்கி வெளியே தெரிவதே குடலிறக்கம். நெல் மூட்டை தூக்குவோர் போன்று கடும் உடலுழைப்புச் செய்பவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவது வழக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வெளியே வரும், பெரிய வலியும் இராது. எனவே குறுவை அறுப்பு முடியட்டும், சம்பா நடவு முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று அறுவை தள்ளிப்போகிறது. கூலி வேலை செய்பவருக்கு மூன்று வாரம் ஓய்வு என்பது மூன்று வாரச் சோறு இல்லை என்பதாகும். ஆகவே இதை அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

ஒரு நாள் பிதுங்கிய குடல் உள்ளே போகாமல் இறுகிக்கொள்கிறது. இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்குகிறது. அப்போது செய்யப்படும் அறுவையில் தசையைத் தைப்பதோடு வேலை முடிவதில்லை. அழுகிய குடலை வெட்டி எடுத்து இணைக்கவும் வேண்டியிருக்கிறது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஸ்வீடன் நாட்டின் குடலிறக்கப் பதிவேடு எண்ணால் காட்டுகிறது. 1992 முதல் 2005 வரை பதிவான ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொடையிடுக்குக் குடலிறக்க அறுவைகளை ஆராய்ந்தபோது, திட்டமிட்டுச் செய்துகொண்டவர்களின் இறப்பு, அதே வயதுள்ள பொதுமக்களின் இறப்பை விட உயரவில்லை. அவசரமாகச் செய்தபோது அது ஏழு மடங்காயிற்று. குடலின் ஒரு பகுதியை வெட்ட நேர்ந்தால் இருபது மடங்காயிற்று. நோய் ஒன்றுதான். காத்திருந்த காலமே ஆபத்தை மாற்றிவிட்டது.

வயிற்றுப்புண்: அரிசி உண்ணும் நாட்டின் நோய்

20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தென்னிந்திய அறுவை அரங்குகளை நிரப்பிய நோய் வயிற்றுப்புண். குறிப்பாக, முன்சிறுகுடலில் தோன்றும் புண். கோதுமை உண்ணும் வடமேற்குப் பகுதிகளை விட அரிசி உண்ணும் தென்பகுதிகளில் இது கூடுதலாக இருந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். மைசூரில் பணிபுரிந்த பிராங்க் டோவி இந்த வேறுபாட்டை நெடுங்காலம் ஆராய்ந்தவர்களுள் ஒருவர்.

தமிழ்நாட்டின் தென்கோடியில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனை இந்நோய்க்கான அறுவைக்குப் பெயர்பெற்றது. அங்குப் பணிபுரிந்த ஹோவார்ட் சோமர்வெல், 1922, 1924 ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் இடம்பெற்றவர். முதல் பயணம் முடிந்து நெய்யூருக்கு வந்தவர், அங்குக் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, இலண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டு அங்கேயே தங்கினார். வயிற்றுப்புண்ணுக்கு அவரும் உடன்பணியாற்றியோரும் செய்த அறுவைகள் ஆயிரக்கணக்கில் அமைந்தன. பிற்காலத்தில் அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார்.

அந்த அறுவைகளுள் மிகுதியானவை திட்டமிட்டவை. புண் ஓட்டை விழுவதற்கு முன் வலியையும் அடைப்பையும் போக்கச் செய்யப்பட்டவை. ஓட்டை விழுந்துவிட்டால் நிலைமை வேறு. இரைப்பை அமிலமும் உணவும் வயிற்றுக் குழிக்குள் கசிந்து, வயிறு பலகைபோல் இறுகும். பிறகு கிருமி இரத்தத்தில் பரவி உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். டென்மார்க்கில் 2003 முதல் 2009 வரை ஓட்டை விழுந்த புண்ணுக்கு அறுவை செய்துகொண்ட 2668 பேரை ஆராய்ந்த ஆய்வு, மருத்துவமனைக்கு வந்த பின் அறுவை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு 2.4 விழுக்காடு குறைவதாகக் கண்டது.

1982 இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வயிற்றுப்புண்ணுக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தனர். 2005 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் அதே காலத்தில் பரவின. நாள் குறித்துச் செய்யப்பட்ட வயிற்றுப்புண் அறுவை ஏறக்குறைய மறைந்தது. ஓட்டை விழுந்த புண்ணுக்கான அவசர அறுவை மட்டும் இன்றும் நிற்கிறது. வலி மாத்திரையைத் தாமாகவே வாங்கித் தொடர்ந்து விழுங்குவதும் புகைப்பதும் அதற்கு இன்றைய காரணங்களுள் முதன்மையானவை.

மகப்பேறு: அவசரத்தை முன்னறிதல்

சிசேரியனிலும் இதே வேறுபாடு உண்டு. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பதை ஸ்கேனில் முன்பே கண்டு, இரத்தம் ஏற்பாடு செய்து, பகலில் செய்யும் அறுவைக்கும், வீட்டிலேயே இரத்தப்போக்கு தொடங்கி, தாய் மயங்கிய நிலையில் வந்த பின் செய்யும் அறுவைக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. எனினும் எல்லா அவசரத்தையும் முன்னறிய முடியாது. பிரசவத்தின் நடுவே குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தால் அப்போதே முடிவெடுத்தாக வேண்டும்.

தமிழ்நாடு இந்த இரண்டு வழிகளிலும் முயன்றது. கருவுற்ற பெண்களைப் பதிவு செய்து, ஆபத்து மிகுந்தவர்களை முன்பே பிரித்தறிந்தது ஒன்று. இருபத்து நான்கு மணி நேரமும் மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், இரத்தம் ஆகியவை கிடைக்கும் 'சீமாங்க்' மையங்களை அரசு மருத்துவமனைகளில் அமைத்தது மற்றொன்று. தாய் ஒருவர் இறந்தால் ஏன் இறந்தார், எங்கே தாமதம் நேர்ந்தது என்று ஆராயும் நடைமுறையும் சேர்ந்தது. மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கின்படி, ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 2001–03 இல் 134 ஆக இருந்தது. 2018–20 இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலங்களில் இந்திய அளவு 301 இலிருந்து 97 ஆகியது. இந்தக் குறைவுக்கு ஊட்டம், கல்வி, மருத்துவமனைப் பிரசவம் எனப் பல காரணங்கள் உண்டு. காலத்தோடு கிடைத்த அறுவையும் அவற்றுள் ஒன்று. தஞ்சையில் இந்தப் பணியைத் தாங்குவது பழைய இராசா மிராசுதார் மருத்துவமனை. மகப்பேறும் குழந்தை மருத்துவமும் இன்று அங்குதான் நடைபெறுகின்றன.

உலக அளவில் கணக்குகள்

2016 இல் வெளியான 'குளோபல்சர்ஜ்' ஆய்வு, 58 நாடுகளின் 357 மருத்துவமனைகளில் அவசர வயிற்று அறுவை செய்துகொண்ட 10,745 பேரைத் தொடர்ந்து பார்த்தது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் மொத்தத்தில் 5.4 விழுக்காடு. மனித வளர்ச்சிக் குறியீட்டில் உயர்ந்த நாடுகளில் 4.5, நடுத்தர நாடுகளில் 6.0, தாழ்ந்த நாடுகளில் 8.6 விழுக்காடாக அது இருந்தது. 2018 இல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வு 25 நாடுகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கியது. திட்டமிட்ட அறுவையில் இறப்பு 1 விழுக்காடு, எல்லா அறுவைகளையும் சேர்த்தால் 2.1 விழுக்காடு. இறந்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் அறுவை நடந்த நாளுக்குப் பின்னரே இறந்தனர். அறுவை மேசையில் நேர்வதை விட, அதன் பின் வார்டில் கவனிக்கப்படாமல் போவதே பெரிய ஆபத்து என்பதை இது உணர்த்துகிறது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அவசர அறுவைக்கு வருபவர் ஏற்கெனவே கடுமையாக நோயுற்றவர். அவருடைய இறப்பு வாய்ப்பில் பெரும்பங்கு நோயால் வருவது, கத்தியால் வருவதன்று. ஆகவே 'அவசர அறுவை ஆபத்தானது, வேண்டாம்' என்று மறுப்பது தவறான முடிவாகும். ஓட்டை விழுந்த குடலுக்கு அறுவை செய்யாவிட்டால் பிழைப்பது அரிது.

ஆபத்து கூடுவதற்கான காரணங்கள்

முதலாவது, நோயின் நிலை. நீர்ச்சத்து குறைந்து, இரத்த அழுத்தம் தாழ்ந்து, கிருமி பரவிய உடல் மயக்க மருந்தைத் தாங்குவது கடினம்.

இரண்டாவது, ஆயத்தமின்மை. திட்டமிட்ட அறுவைக்கு முன் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் கொண்டுவரப்படுகின்றன. இரத்தசோகை சரிசெய்யப்படுகிறது. இதயமும் நுரையீரலும் சோதிக்கப்படுகின்றன. புகைப்பவர் அதை நிறுத்த நேரம் கிடைக்கிறது. அவசரத்தில் இவை எதற்கும் நேரமில்லை.

மூன்றாவது, நிறைந்த வயிறு. அறுவைக்கு முன் வெறும் வயிறாக இருக்கச் சொல்வது, மயக்கத்தில் உணவு மேலேறி மூச்சுக்குழலுக்குள் போகாமல் இருப்பதற்காக. அவசரத்தில் வருபவர் சாப்பிட்டு வந்திருக்கலாம். குடல் அடைபட்டவருக்குப் பட்டினி கிடந்தாலும் வயிறு காலியாவதில்லை.

நான்காவது, நேரமும் ஆட்களும். நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் மூத்த மருத்துவர், தீவிர சிகிச்சைப் படுக்கை, ஏற்ற வகை இரத்தம் ஆகியவை கிடைப்பது கடினமாகலாம்.

அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 1941 முதல் நோயாளியின் உடல்நிலையைத் தரம் பிரித்து எழுதும் முறையைக் கொண்டுள்ளது. அவசர அறுவையாக இருந்தால் அந்தத் தரத்தோடு தனியாக ஓர் எழுத்தைச் சேர்ப்பது இன்று வழக்கம். அவசரம் என்பதே தனி ஆபத்து என்பதை மருத்துவ உலகம் அந்த ஓர் எழுத்தால் ஒப்புக்கொள்கிறது.

தவிர்க்கக்கூடிய பிழைகளைக் குறைக்க உலக நலவாழ்வு நிறுவனம் 2008 இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்தப் பக்கம் அறுவை, ஒவ்வாமை உண்டா, பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா என்பன போன்ற கேள்விகளை உரக்கக் கேட்டு உறுதிசெய்வதே இம்முறை. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

படுகையில் தொலைவு குறைந்த வரலாறு

1959 இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அப்போதைய தஞ்சை மாவட்டம் வேதாரண்யம் கடற்கரை வரை பரந்திருந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து பெரிய அறுவைக்கு வருபவர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடக்க வேண்டியிருந்தது. 1991 இல் நாகப்பட்டினமும், 1997 இல் திருவாரூரும், 2020 இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. திருவாரூரில் 2010 இலும் நாகப்பட்டினத்தில் 2022 இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. மாவட்டப் பிரிவினை பொதுவாக ஆட்சி வசதிக்காகப் பேசப்படுகிறது. குடல் முறுக்கிக்கொண்ட ஒருவருக்கு அது பயண நேரத்தில் கிடைத்த மணிகளாகும்.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதற்கு முன் வாடகைக் காரோ பேருந்தோ கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2009 இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012 இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைகள் பணத்துக்காக அறுவையைத் தள்ளிப்போடுவதைக் குறைத்தன. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. முன்னறிய முடியாத அவசரத்துக்கு விபத்தே தெளிவான எடுத்துக்காட்டு. அங்குத் திட்டமிட வேண்டியவர் நோயாளியல்லர், அரசும் மருத்துவமனையும்.

2015 இல் 'லான்செட்' ஆணையம் ஒரு பகுதியின் அறுவை வசதியை அளக்க மூன்று அறுவைகளைக் குறித்தது: வயிற்றைத் திறக்கும் அறுவை, சிசேரியன், திறந்த எலும்பு முறிவுக்கான அறுவை. இவை மூன்றும் இரண்டு மணி நேரத் தொலைவில் கிடைக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். காவிரிப் படுகையின் சாலைகளையும் மருத்துவமனைகளையும் மதிப்பிட அது நல்ல அளவுகோலே.

தஞ்சைப் பகுதியின் இந்த வரலாறு இரு வேலைகளைக் காட்டுகிறது. திட்டமிடக்கூடிய அறுவையை அவசரமாக மாறும் முன் செய்துகொள்வது ஒன்று. தவிர்க்க முடியாத அவசரத்துக்கு மருத்துவமனையை எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருப்பது மற்றொன்று. முதலாவது பெருகப் பெருக, அறுவை முடிந்து நடந்தே வீடு திரும்புபவர்கள் ஊரில் பெருகுகிறார்கள். அவர்களைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தன் குடலிறக்கத்தை அடுத்த அறுப்பு வரை தள்ளிப்போடத் தயங்குகிறார். அச்சம் பெற்ற தாமதம் இப்படித்தான் குறைகிறது.